செல்விக்கு, அந்த ரோஸ் கோல்டு கடிகாரம் பற்றி

ரங்கூன்

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய கடிகாரப் படங்களை எல்லாம் பார்த்தேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் லைன் போய்விடுகிறது, கரண்டும் நிற்பதில்லை. இது விலாவாரியாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைகிறது, மாப்பிள்ளைக்கு ரோஸ் கோல்டில் ஒரு ரோலெக்ஸ் வாங்கித் தரப்போகிறேன் என்கிறாய். உன் உழைப்பில் வாங்குகிறாய், மனசார வாங்கு. அதில் அப்பா குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால், "செலவுன்னு நினைக்காதீங்கப்பா, தங்கம்தானே, கஷ்டம் வந்தா வித்துக்கலாம்" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்கு மனசு நிற்கவில்லை. கடைக்காரரும் அதையேதான் சொன்னாராம். அவர் வியாபாரி, சொல்லத்தான் செய்வார். நீ பத்தர் வீட்டுப் பெண், நீ அப்படி நினைக்கக் கூடாது.

நம் வீட்டில் தங்கத்தின் மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை என்று உனக்குத் தெரியும். 1987 செப்டம்பரில் இங்கே பர்மாவில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ள வழியும் கொடுக்கவில்லை. கையில் நோட்டு வைத்திருந்தவன் அழுதான், அரை கியாட்தா தங்கம், நம் எடையில் எட்டு கிராம் சொச்சம், வைத்திருந்தவன் சமாளித்தான். 2021-ல் பேங்க் வாசலில் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றதை நீயே வீடியோவில் பார்த்தாய். அந்த வருஷத் தொடக்கத்தில் டாலருக்கு 1,300 சொச்சம் இருந்த கியாட் பிறகு என்ன கதியானது என்றும் தெரியும். அப்போதும் நகைக்கடைகள் இருக்கும் நம் மொகல் தெருவுக்குக் கொண்டுபோன தங்கம் அன்றைய விலைக்குப் போனது. பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக் காப்பாற்றியது அந்தத் தங்கத்தைத்தான். அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி ஒரு கைக்கடிகாரத்தின் மேல் வைத்துவிடாதே என்றுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த உலோகம். ரோஸ் கோல்டு என்பது தங்கத்தில் செம்பு கூடுதலாகச் சேர்த்த கலவை. நல்ல கம்பெனிக் கடிகாரம் என்றால் 18 காரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். ஒரு கியாட்தாவுக்கு 16 பே என்கிற நம் பர்மா எடைக் கணக்கில், 16-க்கு 12 பே. சுவிட்சர்லாந்தில் அதிகம் புழங்கும் ஒரு கலவையில் நூற்றுக்கு இருபதரைப் பங்கு செம்பு, நாலரைப் பங்கு வெள்ளி. அப்படியானால் 12 பே தங்கம், 3 பேக்குக் கொஞ்சம் மேலே செம்பு, மீதி வெள்ளி. மஞ்சள் 18 காரட்டிலும் அதே 12 பேதான், செம்பும் வெள்ளியும் சரிபாதியாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரோஸ் நிறத்துக்காக யாராவது கூடுதல் விலை சொன்னால் அது நிறத்துக்கான விலை. உருக்கினால் இரண்டும் ஒன்று.

இனி எடைக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, தோல் பட்டை போட்ட ஒரு கடிகாரத்தின் கூட்டில், அதாவது இயந்திரத்தை மூடியிருக்கும் உலோக உடம்பில், 40 கிராம் 18 காரட் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதில் சுத்தத் தங்கம் 30 கிராம். இரண்டு கியாட்தாகூட நிறையவில்லை. அவுன்ஸ், அதாவது 31 கிராம் சொச்சம், 4,000 டாலர் என்று வைத்தால் (2025 அக்டோபரில் தங்கம் அந்த விலையைத் தாண்டியது) அந்த 30 கிராமுக்கு ஏறத்தாழ 3,850 டாலர் வரும். கடிகாரத்தின் விலை 25,000 டாலர் என்றால், மீதி இருபத்தோராயிரம் எங்கே இருக்கிறது? இயந்திரத்திலும், கைவேலையிலும், முகப்பில் இருக்கும் பெயரிலும், கடை வாடகையிலும், விளம்பரத்திலும் இருக்கிறது. நம் கடையில் செய்கூலியும் சேதாரமும் கொஞ்சம் கூடினாலே வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இங்கே தங்கத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் செய்கூலி. அந்தச் செய்கூலியைத் திருப்பித் தருகிற ஆள் இருக்கும் வரைதான் அந்த விலை.

தங்கச் சங்கிலிப் பட்டையோடு வரும் கடிகாரம் என்றால் கணக்கு மாறும். பட்டையும் கூடும் சேர்ந்து 150 கிராம் என்று வைத்தால் சுத்தத் தங்கம் 112 கிராமுக்கு மேல், அதே விலையில் பதினாலாயிரம் டாலருக்குக் குறையாது. தங்கம் அந்த விலையில் நிற்கும் வரை, கடிகாரச் சந்தை எவ்வளவு சரிந்தாலும் ஏறத்தாழ அந்த மதிப்பு கையில் இருக்கும். ரோலெக்ஸ் டே-டேட் மாதிரி 1956-ல் வந்த நாளிலிருந்து தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படுகிற மாடலுக்கு அந்த ஆதாரம் உண்டு. நீ அனுப்பிய படங்களில் இரண்டாவதைப் பார். அது எஃகும் ரோஸ் கோல்டும் கலந்தது. முகப்பைச் சுற்றிய வளையமும், சாவித் திருகும், பட்டையின் நடுக்கண்ணிகளும்தான் தங்கம். பார்வைக்கு முழுத்தங்கம் மாதிரி இருக்கும், தங்கக் கணக்கில் சேராது.

அப்புறம் வரி. நீ இருக்கும் சிங்கப்பூரில் 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம். புதுக் கடிகாரம் வாங்கினால் அதையும் சேர்த்துத்தான் கட்டுவாய், விற்கும்போது அது திரும்ப வராது. ஆனால் அதே ஊரில், 99.5 சதவீதத்துக்குக் குறையாத சுத்தமான முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012-லிருந்து ஜிஎஸ்டியே கிடையாது. எது சேமிப்பு, எது ஆபரணம் என்று உங்கள் ஊர் அரசாங்கமே பிரித்து வைத்திருக்கிறது அம்மா.

இதைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன். கடிகாரத்தின் மறுவிற்பனை விலை தங்கத்தின் விலையோடு கைகோத்து நடப்பதில்லை. கொரோனா காலத்தில் கையில் காசு இருந்தவர்கள் எல்லாம் கடிகாரத்தின் பக்கம் ஓடினார்கள். பட்டேக் பிலிப் நாட்டிலஸ் 5711 என்ற எஃகுக் கடிகாரத்தை நிறுத்தப்போகிறார்கள் என்று 2021-ல் செய்தி வந்ததும் அது கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போனது. எஃகு, தங்கம்கூட இல்லை! தங்க மாடல்களும் அந்த அலையில் ஏறின. 2022-ன் முதல் மாதங்களில் உச்சம். அதற்குப் பிறகு இறக்கம், 2023 முழுக்க இறக்கம். உச்சத்தில் வாங்கியவர்கள் நல்ல நஷ்டத்துக்கு விற்றார்கள். அதே காலத்தில் தங்கம் என்ன செய்தது? 2023 கடைசியில் அவுன்ஸ் 2,000 டாலருக்கு மேல் நின்றது, 2025 மார்ச்சில் 3,000-ஐத் தாண்டியது. தங்கம் ஏறிக்கொண்டிருந்தபோதே தங்கக் கடிகாரம் இறங்கியிருக்கிறது. "தங்கம் ஏறினால் இதுவும் ஏறும்" என்று சொன்ன கடைக்காரரிடம் இந்த இரண்டு வருஷத்தை மட்டும் கேட்டுப் பார்.

சரி, தங்க விலைக்குச் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025-ல் தங்கம் ஏறியபோது கம்பெனிகள் தங்க மாடல்களின் கடை விலையை எஃகைவிடக் கூடுதலாக ஏற்றின. புதுசின் விலை ஏறினால் பழசும் பின்னாலேயே கொஞ்சம் ஏறும். ஆனால் பொதுவாகப் பார்த்தால், கடையில் வாங்கி வெளியே வந்ததும் எஃகு ரோலெக்ஸைவிடத் தங்கக் கடிகாரம்தான் அதிகம் இழக்கும். எஃகுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம், தங்கத்தை அந்த விலையில் வாங்கக்கூடியவர் கொஞ்சம் பேர். விதிவிலக்கு உண்டு. 2018-ல் ரோலெக்ஸ் கொண்டுவந்த கறுப்பு-பழுப்பு வளையம் வைத்த ஜிஎம்டி மாஸ்டர் மாதிரி நாலு பேர் தேடும் ரோஸ் கோல்டு மாடல் என்றால் விலை நிற்கும். அதிகம் அறியப்படாத கம்பெனியின் மெல்லிய தங்கக் கடிகாரம், வேலைப்பாடு எவ்வளவு அருமையாக இருந்தாலும், பாதி விலைக்குப் போனாலும் ஆச்சரியமில்லை. ஒரு தொழிலாளியாக எனக்கு அது வருத்தம்தான், ஆனால் சந்தை அப்படி.

நிறத்துக்கும் காலம் உண்டு. 2015-ல் ஆப்பிள் போனே ரோஸ் கோல்டு நிறத்தில் வந்தது, அலுமினியத்தில் சாயம். அப்போது எங்கும் அந்த நிறம். இப்போது மஞ்சள் தங்கம் மறுபடி வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் கைக்கு ரோஸ் நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

செம்பு அதிகம் என்பதால் வியர்வை, கடல் தண்ணீர், நீச்சல் குளத்து குளோரின் எல்லாம் பட்டுப் பட்டு நாளாவட்டத்தில் நிறம் மாறும். அதற்காகத்தான் ரோலெக்ஸ் 2005-ல் எவரோஸ் என்று சொந்தமாக ஒரு கலவை கொண்டுவந்தது, அதில் கொஞ்சம் பிளாட்டினம் சேர்த்தார்கள். ஒமேகா 2012-ல் பல்லேடியம் சேர்த்து செட்னா கோல்டு என்று செய்தது. இந்த இரண்டும் நிறம் நிற்கும் என்று நம்பி வாங்கலாம். அதற்கு முந்தைய பழைய ரோஸ் கோல்டு வாங்கினால் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார். கடை விளக்கில் செம்பு எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

மெருகு விஷயம் ஒன்று. நம் தொழிலில் பழைய நகையைப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பதுதான் பெருமை. கடிகாரத்தில் அது நஷ்டம். மெருகு போடப் போட கூட்டின் விளிம்புகள் தேயும், பட்டை மாட்டும் கொம்புகள் மழுங்கும், தங்கமும் குறையும், வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். சர்வீசுக்குக் கொடுக்கும்போது மெருகு வேண்டாம் என்று எழுதிக் கொடு. பெட்டி, உத்தரவாத அட்டை, சர்வீஸ் பில், கழற்றிய கண்ணிகள், எதையும் தூக்கிப் போடாதே. அட்டை இல்லாத கடிகாரத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், விலையையும் குறைப்பார்கள். வெளியில் கொடுத்து வைரம் பதிக்கிற யோசனை வந்தால் அப்பாவை நினைத்துக்கொண்டு விட்டுவிடு, பதித்த கல்லின் காசும் வராது, கடிகாரத்தின் விலையும் போகும்.

கூட்டில் 750 என்றும், 1995-க்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் முத்திரையிட்டது என்றால் செயின்ட் பெர்னார்ட் நாய்த் தலையும் இருக்கும். முத்திரையிலும் போலி உண்டு, அதனால் அதை மட்டும் நம்பாதே. உள்ளே இருக்கும் இயந்திரத்தை விவரம் தெரிந்தவர் திறந்து பார்க்க வேண்டும். உரைகல்லோடு நான் பக்கத்தில் இருந்தாலும் தங்கத்தைத்தான் சொல்வேன், இயந்திரத்தைச் சொல்ல எனக்கு ஞானம் இல்லை.

விற்கும் நாளையும் யோசித்துப் பார். சிங்கப்பூரில் லக்கி பிளாசாவிலும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும் உடனே காசு தருபவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் லாபம் வைத்து விற்கிற விலைக்கு உன்னிடம் வாங்க மாட்டார்கள். அவசரம் என்றால் அடகுக் கடை இருக்கிறது, மாதம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம், மீட்க ஆறு மாதம். அது நல்ல வழி. ஆனால் அந்தக் கடிகாரத்தோடு நீ ரங்கூனுக்கு வந்து நிற்கும்படி ஆனால், நம் தெருவில் இயந்திரத்தையும் கண்ணாடியையும் எடுத்து வைத்துவிட்டு கூட்டைத் தராசில் போட்டு 12 பே கணக்கில்தான் பேசுவார்கள். சிங்கப்பூரில் பெயருக்குக் கிடைக்கிற விலை இங்கே கிடைக்காது. பாட்டியின் தங்கத்துக்கு எந்த ஊரிலும் ஒரே பேச்சு.

அதனால் அப்பாவின் யோசனை இது. புதுசு வேண்டாம். மூன்று நாலு வருஷம் ஓடிய, அட்டையும் பெட்டியும் உள்ள, மெருகு போடாத ஒன்றாகப் பார்த்து வாங்கு. முதல் சரிவு முந்தின ஆளோடு போயிருக்கும். இப்போது ரோலெக்ஸே பரிசோதித்துச் சான்று கொடுத்து, அங்கீகரித்த கடைகள் மூலம் பழசு விற்கிறது, 2022 கடைசியில் ஆரம்பித்தது. விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் உனக்கு இராத்தூக்கம் கெடாது. புதுசுக்கும் பழசுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தங்கக் கட்டி வாங்கிப் பிள்ளைகள் பெயரில் வை. கஷ்டம் வந்தால் விற்பது அதை.

பின்பக்கம் உங்கள் இருவர் பெயரும் கல்யாண நாளும் பொறிக்கலாமா என்று கேட்டிருந்தாய். பொறித்தால் விலை குறையும், உண்மை. ஆனால் விற்பதற்கு என்று வாங்காத பொருளுக்கு அந்தக் கவலை எதற்கு? பொறி அம்மா. தமிழிலேயே பொறி. எழுத்து சரியாக வர வேண்டுமானால் அளவைச் சொல், நான் இங்கிருந்து வரைந்து அனுப்புகிறேன்.

கடைக்காரரிடம் கடிகாரத்தின் மாடல் எண், வருஷம், எத்தனை தரம் மெருகு போட்டது, இதையே ஒரு வருஷம் கழித்து அவரே திருப்பி வாங்கினால் என்ன விலை தருவார், இவற்றைக் கேட்டு எழுது. கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுது. முன்பணம் அதுவரை கொடுக்காதே.

அங்கே பர்மாக்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசாவிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவுக்குக் கோடாலித் தைலம் நாலு பாட்டில் கொடுத்து அனுப்பு. சின்னவனின் பள்ளிக்கூடப் படம் கேட்டேன், இன்னும் வரவில்லை.

அன்புடன்,
அப்பா