மூலக்கூறும் சேர்மமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கட்டுரை எழுதுவோர் பலர் மூலக்கூறு, சேர்மம் என்னும் இரு சொற்களையும் ஒரே பொருளில் ஆள்வது, வேதியியல் கற்பிக்கும் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அணுக்கள் பிணைந்து உருவான தனித்த துகள் மூலக்கூறு; வெவ்வேறு தனிமங்கள் வேதிமுறையில் சேர்ந்த பொருள் சேர்மம். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்தது மூலக்கூறுதான். ஆனால் வேறு தனிமம் அதில் இல்லாமையால் அது சேர்மம் ஆகாது. உப்போ இதற்கு நேர்மாறானது; அது சேர்மம், ஆனால் மூலக்கூறுகளால் ஆனதன்று. சோடியம் அணு தன் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகளாகி ஒன்றையொன்று ஈர்க்கின்றன. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சம தொலைவில் சூழ்ந்திருப்பதால், இந்தச் சோடியத்துக்கு உரிய குளோரின் இதுதான் என்று ஓர் இணையைப் பிரித்துக் காட்டவே இயலாது. ஆகவே ‘உப்பு மூலக்கூறு’ என்று எழுதுவது பிழை.

நீர் மூலக்கூறாகவும் சேர்மமாகவும் விளங்குகிறது. அங்கே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும் என்று சிலர் எழுதும் கூற்றும் தவறே. ஒரு மோல் (அதாவது ஏறத்தாழ 2 கிராம்) ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 436 கிலோஜூல் ஆற்றலை நாம்தான் செலுத்த வேண்டும். அணுக்கள் இணையும்போதே அது வெளிப்படுகிறது.

மாணவர்கள் நாளிதழை நம்பிப் படிப்பதால், இச்சொற்களை இடமறிந்து ஆளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்