மாலதிக்கு, புது மாத்திரை பற்றி

அன்புள்ள மாலதி,

போனில் என்றால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் உனக்கே தெரியும், மறுபடியும் பைபோலாரின் அதே இறக்கம்தான், மனம் ஒரேயடியாக ஏறி, ஒரேயடியாகச் சோர்ந்து இறங்கும் இந்த நோயோடு. சுமதி வீட்டை விற்றாளா, இன்னும் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் எனக்கு தைராக்ஸின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை, எழுதியிருக்கிறார். ஆமாம், நீ தினமும் காலையில் விழுங்குகிறாயே, அதேதான்! (காபியோடு சேர்த்துத்தானே இன்னமும் விழுங்குகிறாய்? மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, அரை மணி நேரமாவது பொறு.) ஆனால் உனக்குச் சுரப்பது போதவில்லை, எனக்கோ தைராய்டில் ஒரு குறையும் இல்லை. பைபோலாருக்காக நான் எடுக்கும் லித்தியம் தைராய்டை மந்தமாக்கக்கூடும் என்பதால் அவ்வப்போது டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனின் அளவு) பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நார்மல். அப்படியிருந்தும், லித்தியத்துக்குத் துணையாக, வழக்கத்தைவிட அதிக அளவில் இதைத் தருகிறார்.

ஏன் இப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்று கேட்பாய். பைபோலார் இறக்கத்துக்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் சிலருக்கு அது மேனியாவில், அதாவது கட்டுக்கடங்காத மன ஏற்றத்தில், கொண்டுபோய் விட்டுவிடும், என்னை அந்த நிலையில் நீ பார்த்திருக்கிறாய். மிச்சமிருக்கும் வழிகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று, முதலில் எடுக்கும் வழியும் இல்லை. கனடா நாட்டு மனநல மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதலில் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறது. மைக்கேல் பௌவர் குழு 2014இல் வெளியிட்ட சோதனையைத் தேடிப் படித்தேன். 62 பேர், தினம் 300 மைக்ரோகிராம், 6 வாரம். தைராக்ஸின் எடுத்தவர்கள் பொய் மாத்திரை எடுத்தவர்களைவிடக் கொஞ்சம் தேறினார்கள், ஆனால் மொத்தமாகப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மாலதி. சின்னச் சோதனை, இதை வைத்து அதிகம் நம்பக் கூடாது என்று தெரியும், ஆனாலும் நம்பத்தான் தோன்றுகிறது.

டாக்டருக்குத்தான் பயம். பயம் நியாயமானதும்கூட: அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வருடக்கணக்கில் எடுத்தால் எலும்பு தேயலாம். அதனால் முதலில் ஈசிஜி, எலும்பு அடர்த்தி சோதனை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுவது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் பலனோ பக்கவிளைவோ மெதுவாகத்தான் தெரியும். இன்னொன்று, என் டிஎஸ்எச் இனி பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிடும். காய்ச்சலுக்குப் பார்க்கும் வேறு டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி மாத்திரையைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது? என் டாக்டரிடமே, வேண்டுமென்றேதான் இப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உன் தம்பிக்கும் இதே நோய், உன் வீட்டில் இதே மாத்திரை டப்பா டப்பாவாக இருக்கிறது. அவன் படுத்தே கிடப்பதைப் பார்க்க முடியாமல் ஒருநாள் உன் டப்பாவிலிருந்து எடுத்து நீட்டிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். செய்யாதே. இதயத்தைப் பார்க்காமல், இப்போது என்ன மாத்திரைகள் எடுக்கிறான் என்று தெரியாமல் இதைத் தொடவே கூடாது. அவன் டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேள், ஒத்துவருமா வராதா என்று அவர் சொல்லட்டும். ஒருவேளை அவன் தைராய்டே மந்தமாகியிருக்கலாம், அப்படியென்றால் வைத்தியமே வேறு. கடைசியாக எப்போது டிஎஸ்எச் பார்த்தான்? அதை மட்டும் விசாரித்து உடனே எழுது.

அன்புடன்,
கல்யாணி