செயலாளரின் ஆண்டறிக்கை 2018–19: மொன்செராத் கபாயேயை இழந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) ரசிகர் சங்கத்தின் 2018–19ஆம் ஆண்டுப் பணிகளைப் பேரவை முன் வைக்கிறேன். கூட்டங்கள், நூலகம், கணக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் வழக்கம். இந்த ஆண்டு அப்படிச் செய்ய மனம் ஒப்பவில்லை. 2018 அக்டோபர் 6ஆம் தேதி பார்சிலோனாவில் ஸ்பானிய ஓபரா பாடகி மொன்செராத் கபாயே தம் 85ஆவது வயதில் காலமானார். அதற்குப் பிறகு நாம் எதற்காகக் கூடினாலும் பேச்சு அவரிடமே போய் நின்றது. மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டு அவருக்கே அதிக இடம் தருகிறேன்.

செய்தி வந்ததும் செயற்குழு கூடி இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. நினைவுக் கூட்டத்தில் எதை ஒலிக்கச் செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. இளைய உறுப்பினர்கள் ஃப்ரெடி மெர்க்குரியுடன் அவர் பாடிய ‘பார்சிலோனா’ வேண்டும் என்றார்கள். மூத்தவர்கள் சிலர் அது ஓபராவே இல்லை என்று மறுத்தார்கள். அந்தப் பாட்டைக் குறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது வயதைக் கடந்து, புகழின் உச்சியில் இருந்த ஒரு சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி), ராக் பாடகர் ஒருவரைச் சரிசமமாக மதித்து ஓர் இசைத்தொகுப்பையே சேர்ந்து பாடினார். 1992 ஒலிம்பிக் போட்டி கபாயேயின் ஊரான பார்சிலோனாவில் நடந்தபோது மெர்க்குரி உயிரோடு இல்லை. தொடக்க விழாவில் கபாயே மற்ற ஸ்பானியப் பாடகர்களோடு மேடையேறினார். அந்தப் பாட்டைக் கேட்டு ஓபரா பக்கம் வந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். எந்த வழியாக வந்தால் என்ன, வந்து சேர்ந்தார்கள் அல்லவா?

இறுதியில் ‘பார்சிலோனா’வை முதலில் ஒலிக்கச் செய்துவிட்டு, புச்சினியின் ‘துராந்தோத்’ ஓபராவை எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1972இல் சுபின் மேத்தாவின் இயக்கத்தில் டெக்கா நிறுவனம் பதிவு செய்த இசைத்தட்டு அது. இளவரசி துராந்தோத்தாக ஜோன் சதர்லேண்ட், அவளை மணக்க விரும்பும் இளவரசன் காலஃபாக லூசியானோ பவரொட்டி, அவன் தந்தை தீமூராக நிக்கோலாய் கியாவுரொவ், அடிமைப்பெண் லியூவாகக் கபாயே. கியாவுரொவ் 2004இலும், பவரொட்டி 2007இலும், சதர்லேண்ட் 2010இலும் மறைந்தார்கள். அந்த நால்வரில் எஞ்சியிருந்தவர் கபாயே. இப்போது அவரும் இல்லை.

கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துராந்தோத்தை மணக்க விரும்புகிறவன் அவள் போடும் புதிர்களை விடுவிக்க வேண்டும், தவறினால் தலை போகும். முதல் அங்கத்தில், அந்தப் புதிர்ப் போட்டிக்குள் போய் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டாம் என்று லியூ இளவரசனிடம் கெஞ்சும் பாட்டு ஒன்று இருக்கிறது. அதன் கடைசிச் சொல் உச்சத்தில் ஏறி நிற்க வேண்டும். அந்த இடத்தில் குரலை ஓங்கி எழுப்பிக் கைத்தட்டல் வாங்குவது எளிது. கபாயே அதைச் செய்யவில்லை. அந்தச் சுரத்தை எங்கே தொடங்கினார் என்றே தெரியாத அளவுக்கு மெல்லத் தொட்டார். பிறகு, மூச்சு எடுத்த சுவடே இல்லாமல், அதே சுரம் விரிந்து விரிந்து அறை முழுவதும் பரவியது. பட்டு நூல் ஒன்று அறுபடாமலே கயிறாகத் திரண்டது போல இருந்தது. பாட்டு முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார்கள். போட்டோம்.

இந்தத் திறமை பிறவியிலேயே வந்தது என்று சொல்லிவிட்டால் அவர் உழைப்புக்கு நாம் செய்யும் அநீதி. பார்சிலோனாவின் லிசேயு இசைக்கல்லூரியில் அவருடைய ஆசிரியை யூஜெனியா கெம்மெனி மூச்சுப் பயிற்சியையே அடித்தளமாக வைத்துக் கற்பித்தவர். ஏழ்மையான குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பயிற்சிதான் கடைசிவரை சொத்து.

மூன்றாம் அங்கத்தில் லியூ தன்னையே குத்திக்கொண்டு உயிர்விடுகிறாள். அந்த இடத்தை எழுதி முடித்த புச்சினி, எஞ்சிய பகுதியைக் குறிப்புகளாக விட்டுவிட்டு 1924 நவம்பரில் மறைந்தார். 1926 ஏப்ரல் 25இல் மிலானின் லா ஸ்காலாவில் முதல் அரங்கேற்றம் நடந்தபோது, இயக்குநர் தொஸ்கானீனி அத்துடன் கோலைக் கீழே வைத்துவிட்டார். நம் கூட்டத்திலும் லியூவின் இறுதி ஊர்வலத்தோடு இசைத்தட்டை நிறுத்தினோம். வேறொருவர் எழுதிச் சேர்த்த மங்கலமான முடிவைக் கேட்க அன்று யாருக்கும் விருப்பமில்லை.

அடுத்த அமர்வில் தோனிசெத்தியின் ‘லுக்ரேசியா போர்ஜியா’. 1965 ஏப்ரல் 20இல் நியூயார்க் கார்னகி அரங்கில் அமெரிக்கப் பாடகி மரிலின் ஹார்ன் பாட வேண்டிய தலைப்புப் பாத்திரம் அது. அவர் கருவுற்றிருந்ததால் விலகிக்கொள்ள, அமெரிக்காவில் பெயர் தெரியாத கபாயேவுக்கு அழைப்பு போயிற்று. முன்பு பாடியிராத பாத்திரத்தை ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொண்டு போய்ப் பாடினார். கைத்தட்டல் 25 நிமிடம் நீடித்தது. அதற்கு முன் பாசல், பிரேமென் அரங்குகளில் ஆண்டுக்கணக்கில் பாடியவர் அவர். ஒரே இரவில் வந்த புகழ் என்று எழுதுகிறவர்கள் அந்த ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

1974 ஜூலையில் பிரான்சின் ஓரான்ஜ் நகரில், ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கில் அவர் பாடிய, பெல்லினியின் ‘நோர்மா’ ஓபராவின் படப்பதிவையும் திரையிட்டோம். தென்பிரான்சுக்கே உரிய மிஸ்திரால் என்ற பலத்த காற்று சுழன்றடிக்கிறது. முக்காடும் அங்கியும் பறக்கின்றன. துணி படபடக்கும் அந்த நேரத்திலும் குரல் ஓர் இழை அசையவில்லை. படம் ஓடி முடிந்து விளக்கைப் போட்டபோது கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

புகழ்ந்தது மட்டும் அல்ல. கடைசி நேரத்தில் நிகழ்ச்சிகளை ரத்து செய்வதில் அவர் பேர்பெற்றவர் என்பதையும், 2015இல் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார் என்பதையும் உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னார். சொன்னது சரியே. இரங்கல் கூட்டத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளித்தார்கள். நேசிக்கிறவரைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டு நேசிப்பதே நமக்கு மரியாதை என்று கருதுகிறேன். அதே மூச்சில் இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஸ்பானியப் பாடகர் ஹோசே கரேராஸ் அறிமுக நிலையில் இருந்த 1970இல், தம்முடன் ‘லுக்ரேசியா போர்ஜியா’வில் நாயகனாகப் பாட அவரை அழைத்தவர் கபாயே. வளர்ந்துவரும் ஒருவருக்கு மேடையில் தம் பக்கத்திலேயே இடம் கொடுப்பது எல்லாருக்கும் வருகிற மனம் அல்ல.

பிற பணிகள் பற்றிச் சுருக்கமாக: மாதாந்தரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்துக்கு உறுப்பினர்கள் அன்பளித்த பழைய இசைத்தட்டுகளைத் துடைத்து, உறை மாற்றி, பட்டியலிடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதில் கைகொடுக்கும் இளைய உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் நன்றி. இரவல் வாங்கிய இசைத்தட்டுகளை இன்னும் திருப்பித் தராதவர்கள் தயவுசெய்து தந்துவிட வேண்டும். ‘துராந்தோத்’தின் இரண்டாம் தட்டு அவற்றில் ஒன்று, பலர் கேட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் அக்டோபர் கூட்டத்தில் கபாயே பாடிய ஓர் ஓபராவை முழுமையாகக் கேட்பது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. துண்டு துண்டாகப் பாட்டுகளைப் பொறுக்கிக் கேட்டால் அவர் ஒரு பாத்திரத்தை எப்படிக் கட்டி எழுப்பினார் என்பது பிடிபடாது. வரும் அக்டோபருக்கு ‘நோர்மா’வைப் பரிந்துரைத்திருக்கிறோம். பாடல் வரிகளின் தமிழாக்கத்தை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கும் பொறுப்பைச் செயலாளர் ஏற்கிறேன்.

இந்தப் பரிந்துரையையும் அறிக்கையையும் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்