மாப்ள, அந்த டோனட் காலர வாங்கிராத

மாப்ள,

எப்படி இருக்க, தங்கச்சி எப்படி இருக்கு, சின்னவளுக்கு காலேஜ் அட்மிஷன் முடிஞ்சிருச்சா. உன் மெசேஜ நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பாத்தேன், அந்நேரத்துக்குக் கூப்பிட்டா பதறிருவன்னு விட்டுட்டேன். போன்ல பேசுனா பாதி சொல்லுவேன் பாதி மறந்துருவேன், அதான் காலைல டீயக் குடிச்சிட்டு உக்காந்து முழுசா எழுதிர்றேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, திண்ணைல உக்காந்து போறவன் வர்றவன எல்லாம் பேரு சொல்லிக் கூப்புடுது.

உன் நாயி பிரௌனிக்குப் பின்னங்கால்ல கட்டின்னு கேட்டதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுடா. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்னு டாக்டர் சொன்னது சரியான காரியம், தள்ளிப் போடாத. ஆனா ஒரு போட்டோ அனுப்பியிருக்க பாரு, புண்ண நக்காம இருக்க காத்தடிச்ச ட்யூப் மாதிரி கழுத்துல மாட்டுற டோனட் காலரு, "மெத்துன்னு இருக்கு, அதுக்கும் கஷ்டமா இருக்காது, ஆர்டர் போட்டுறவா"ன்னு கேட்டு, அத மட்டும் பண்ணிராத. நானும் அதே மாதிரி நெனச்சுத்தான் வாங்குனேன், எங்க நாயி கருப்பிக்கு அந்த மெத்து நெனப்பால கடைசில ரெண்டு தையல் திரும்பப் போட வேண்டியதாப் போச்சு.

கருப்பி விஷயத்த உங்கிட்ட அப்ப மேலோட்டமாத்தான் சொன்னேன், சொல்லவே மனசு வரல. சித்திரைல அழகர் ஆத்துல எறங்குறதுக்கு நாலு நாளைக்கு முன்ன திடீர்னு தண்ணியா குடிக்க ஆரம்பிச்சா, அண்டா தண்ணிய வச்சாலும் காலி, சாப்பாட்ட மோந்து கூடப் பாக்கல, மூலைல போய் சுருண்டுக்கிட்டா. வெயில்தான்னு நெனச்சோம். ஹீட், அதான் பொட்ட நாயி பருவத்துக்கு வர்றது, முடிஞ்சு அஞ்சு வாரம் ஆயிருந்துச்சு, கருத்தட பண்ணாத பொட்ட நாயிக்கு வயசான காலத்துல இப்படி ஹீட்டுக்குப் பின்னாடி கர்ப்பப்பைல சீழ் கோக்கும்னு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சது, பயோமெட்ரான்னு பேரு, விட்டா உசுருக்கே ஆபத்து. அன்னிக்கு சாயங்காலமே கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. அடிவயித்துல ஒரு சாண் நீளத்துக்குத் தையல். "தையல நக்க விட்ராதீங்க, பன்னெண்டு நாளு வாய் எட்டாம மறைக்கிற கூம்பு கழுத்துலயே இருக்கணும்"னு அனுப்பி வச்சாங்க.

அவ சைசுக்கு ரெடிமேட் கூம்பு அங்க இல்ல. கம்பவுண்டர் ஒரு பழைய எக்ஸ்ரே பிலிம எடுத்து கத்தரிக்கோலால அரைவட்டமா வெட்டி, சுத்தி, ஸ்டேப்ளர் அடிச்சு, கழுத்துப் பக்கம் ஓரத்துல பஞ்சு வச்சு பிளாஸ்டர் ஒட்டிக் குடுத்தாரு. வெளிச்சத்துல பாத்தா ஏதோ ஒரு நாயோட விலா எலும்பு வரிவரியா தெரியுது. வெயிட்டே இல்ல, நல்ல சாமான்தான். ஆனா கருப்பிக்கு நீளம் பத்தல, மூக்கு ரெண்டு விரக்கட வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு சளக் சளக்னு சத்தம், லைட்டப் போட்டுப் பாத்தா வில்லு மாதிரி வளைஞ்சு தையல நக்கிக்கிட்டு இருக்கா.

மறுநாளே டோனட் வாங்கியாந்தேன். கருப்பி சிப்பிப்பாறை சாதி வேட்ட நாயி, நீ பாத்திருக்கல்ல, தலை ஒடுக்கம், மூஞ்சி நீளம், கழுத்து அதவிட நீளம், முதுகெலும்பு பாம்பாட்டம் வளையும். அந்த ட்யூப் கழுத்துல நின்னாலும் அதத் தாண்டி தலையக் கொண்டு போயிருவா, இல்லன்னா முன்னங்கால ட்யூப்ல வச்சு ஒரு அழுத்து, தலை கழண்டு வெளிய வந்துரும், தலையும் கழுத்தும் ஒரே பருமன்தான அதுகளுக்கு. மூணாம் நாளு நகம் பட்டுக் காத்தும் எறங்கிருச்சு.

அடுத்து துணிக் கூம்பு. அது மெத்துன்னுதான் இருந்துச்சு, தூங்குறதுக்கு நல்ல சாமான், ஆனா உள்ள கம்பி மாதிரி வெறப்பு இல்லாததால அவ செவுத்துல அமுக்குனா மடங்கிக் குடுத்துருது, தண்ணி குடிச்சா ஓரமெல்லாம் நனைஞ்சு அந்த அக்னி வெயில்ல ஒரே நாத்தம். நான் மனசு கேக்காம ஆறாம் நாளு அதையும் அவுத்துட்டேன்டா. அவ தலையக் குனிஞ்சு என் மடியில வச்சா, சரி கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும் நாமதான் பக்கத்துல இருக்கோமேன்னு. மோட்டார் போட்டு டேங்க் ரொம்பிருச்சான்னு பாக்க மாடிக்குப் போய்ட்டு வந்தேன், பத்து நிமிஷம் இருக்குமா. ரெண்டு தையல் இல்ல. புண்ணு வாயத் தொறந்து உள்ள செவப்பா தெரியுது, அவ வாலாட்டுறா. திரும்ப மயக்க ஊசி, திரும்பத் தையல், திரும்ப பன்னெண்டு நாளு. அந்த வயசுல ரெண்டாந்தடவ மயக்கம் குடுக்க வச்சுட்டனேன்னு இப்ப நெனச்சாலும் வயித்தப் பெசையுது.

அம்மா அன்னிக்கு வரைக்கும் "நாய் நாக்குல மருந்து இருக்குடா, நக்குனா ஆறிரும், ஏன் அதப் போட்டுக் கொடும பண்றீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. டாக்டர்ட்டயே கேட்டேன். எச்சில்ல கிருமியக் கொல்ற சத்து கொஞ்சம் இருக்கறது நெசந்தானாம், ஆனா அதே வாயில அதவிடப் பல மடங்கு கிருமி இருக்கு, அதோட நக்க நக்க புதுத் தோல ராவி எடுத்துரும், ஈரம் காயாது, முன்னம்பல்லால தையல் நூல ஒவ்வொண்ணா பிச்சிரும்னாரு. அதுவும் ஆற ஆறத்தான் அரிப்பு எடுக்கும், அதனால மொதல் ரெண்டு நாள விட அஞ்சாம் நாள், ஆறாம் நாளுதான் காவலே. நாம சரியாப் போச்சுன்னு அசர்ற நேரமும் அதுதான்டா.

சரி, பிரௌனிக்கு வர்றேன். அவனுக்கு புண்ணு பின்னங்கால் முட்டிக்குக் கீழ. டோனட்டு கழுத்து வளையறதத்தான் கொறைக்கும், வாய மறைக்காது. குட்டைக் கழுத்து நாயிக்கு முதுகுல நெஞ்சுல புண்ணுன்னா அது போதும், லேப்ரடாருக்கு அடிவயித்துலன்னா கூட ஒரு வேள தாங்கலாம். காலு, பாதம், வாலு இதுக்கெல்லாம் அது ஆகவே ஆகாது, ஏன்னா அவன் கழுத்த வளைக்கவே வேண்டாம், கால மடக்கி வாய்க்கிட்ட கொண்டாந்துருவான், படுத்து உருண்டு நக்கிருவான். எங்க தெருவுல ஒருத்தரு அடிவயித்துப் புண்ணுக்கு பழைய பனியன மாட்டி முதுகுல முடிச்சுப் போட்டு விட்டாரு, நானும் பகல்ல கருப்பிக்கு கூம்போட சேத்து அதப் பண்ணேன், காத்தோட்டமா பருத்திதான் போடணும், ஒண்ணுக்குப் போறப்ப ஏத்திக் கட்டணும். ஆனா உனக்கு அதுவும் உதவாது, கால்ல மாட்ட முடியாதுல்ல. அதனால அவனுக்கு கூம்புதான், பிளாஸ்டிக் கூம்பு, அதுவும் கண்ணாடி மாதிரி உள்ளருந்து வெளிய தெரியுறது. கலர் கலரா இருக்கறது வேண்டாம், சைடுல ஒண்ணும் தெரியாம வாசப்படில இடிச்சு இடிச்சு மிரண்டுரும்.

அளவு இப்படி எடு. தங்கச்சி டெய்லரிங் டேப் வச்சிருக்கும்ல, அத வாங்கி அவன் தெனம் போடுற காலர் உக்கார்ற எடத்துல கழுத்துச் சுத்தளவு, அங்கருந்து மூக்கு நுனி வரைக்கும் நீளம், அந்த நீளத்தோட ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் சேத்துக்க. கூம்போட வாயி மூக்கத் தாண்டி அவ்வளவு வெளிய நிக்கணும். அதவிடப் பெருசா வாங்குனா நடக்கையில தரையத் தட்டும், படில மாட்டி நின்னுக்குவான். பின்னங்காலுங்கறதால ரெண்டு இஞ்ச்சாவே வச்சுக்க. மாட்டுனப்பறம் கழுத்துக்கும் காலருக்கும் நடுவுல உன் ரெண்டு விரல் நுழையணும், மூணு நுழைஞ்சா கழட்டிருவான், ஒண்ணுதான் நுழையுதுன்னா மூச்சுக்கு ஆகாது. வெல்க்ரோவ மட்டும் நம்பாத. கூம்போட கழுத்துப் பக்கம் சின்னச் சின்னக் காது மாதிரி துளை இருக்கும், அவனோட பழைய காலர அது வழியா கோத்து பக்கிள் போட்டுரு. கருப்பிக்கு ரெண்டாந்தடவ தையல் போட்டப்பறம் பிளாஸ்டிக் கூம்புதான் மாட்டுனோம், இப்படிக் கோத்தப்பதான் நின்னுச்சு.

வெளி ஓரத்தையும் கவனி மாப்ள, இது யாரும் சொல்ல மாட்டாங்க. நாக்கு எட்டலன்னா கூம்போட வெளிம்பாலயே புண்ணத் தேய்ப்பாங்க. அதுக்கு தண்ணி ட்யூப் ஒண்ண நீளவாக்குல கீறி வெளிம்பு முழுக்க மாட்டிவிட்டேன், எங்க கதவு நெலையும் தப்பிச்சுது, எம் பொண்டாட்டி மொழங்காலும் தப்பிச்சுது.

வியாழக்கெழமதான ஆபரேஷன், இன்னும் ஆறு நாளு இருக்கு, அதனால கூம்பு ஆபரேஷனுக்கு முன்னாலயே வீட்டுக்கு வந்துரணும். மொதல்ல கையில புடிச்சு அதுக்குள்ள பிஸ்கெட்ட நீட்டு, அவனா தலைய விடட்டும். மறுநாளு ரெண்டு நிமிஷம் மாட்டு, அப்பறம் பத்து நிமிஷம், போட்டுக்கிட்டே சாப்பிடட்டும். மயக்கம் தெளிஞ்சு வலியோட முழிக்கையில மொதமொதல்ல அந்தப் பிளாஸ்டிக்க மாட்டுனா எப்படி இருக்கும் சொல்லு. கருப்பி மொத நாளு அசையாம ஒரே எடத்துல நின்னா, நாலு மணி நேரம், உக்காரக் கூட இல்ல. எம் பொண்ணுதான் போன்ல ஒண்ணு படிச்சுக் காட்டுனா, சிட்னி யுனிவர்சிட்டில 2020ல 434 பேருகிட்ட கேட்டிருக்காங்க, கூம்பு போட்ட நாளுல நாயி பூனை நல்லா இல்லன்னு நூத்துக்கு எழுபத்தேழு பேரு சொன்னாங்களாம், தண்ணி குடிக்க முடியல, வெளையாட முடியலன்னு. அதனால கூம்பே வேண்டாம்னு ஆயிராது, மாட்டிவிட்டுட்டு நம்ம வேலையப் பாக்கப் போயிரக் கூடாதுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

சாப்பாடு, தண்ணி ரெண்டுக்கும் கூம்போட வாயவிடச் சின்னக் கிண்ணமா வை, ஒரு மணைக்கட்ட மேலயோ கவுத்த சட்டி மேலயோ ஒசத்தி வை, கூம்பு கிண்ணத்துக்கு வெளிய எறங்கிக்கும், வாயி உள்ள எட்டும். தரைல அகலத் தட்டுல வச்சா கூம்பு முட்டிக்கிட்டு நிக்கும், நாக்கு எட்டாது, நாம பசிக்கலன்னு நெனச்சு தட்ட எடுத்துருவோம். நான் பாதி நாளு கையாலதான் ஊட்டுனேன். சாப்பிட்டு முடிச்சதும் கூம்பு உள்ள ஈரத்துணியால தொடச்சிரு, ஒரு நாளு தயிர்சோறு ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு, ராத்திரி கருப்பி தலைய ஒதறிக்கிட்டே இருக்கா, என்னன்னு டார்ச் அடிச்சுப் பாத்தா கூம்புக்குள்ள வரிசையா எறும்பு, கண்ணுக்கிட்ட வரைக்கும் போய்ருச்சு.

கழுத்த காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா கூம்ப லேசாத் தள்ளிப் பாரு, செவந்துருந்தா மெல்லிசு பருத்தித் துணிய உள்ள சுத்து. அப்பக் கூட ஒருத்தர் தலையப் புடிச்சுக்கணும். அவனுக்கு காது சொறிய முடியாதுல்ல, நீ சொறிஞ்சு விடு, மாப்ள, அந்த நேரம் கருப்பி கண்ண மூடிக்கிட்டு கூம்போட முழு வெயிட்டையும் என் கையில சாச்சுக்குவா. பின்னாலருந்து தொடாத, சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு அவங்களுக்குப் பிடிபடாது, முன்னால வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டுத் தொடு. திருவிழால எங்க தெருவுல கொட்டு போனப்ப கருப்பி சத்தத்துக்கு எதுத்த பக்கமாப் பாத்து நடுங்குனா. படுக்கறப்ப கழுத்துக்கு அடில ஒரு போர்வைய உருட்டி வை, கூம்பு வெளிம்பு குத்தாம தலை நேரா நிக்கும்.

அப்பறம் நைட்டு. நீ மாடில தூங்குறவன், இந்த ரெண்டு வாரம் கீழ ஹால்ல பாயப் போடு. கூம்பு போட்டாலும் சத்தம் காதுல விழணும். தையல் பிரிச்சு டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் அவுக்காத, அவன் எப்படிப் பாத்தாலும் அவுக்காத, தங்கச்சி அழுதாலும் அவுக்காத. எம் பொண்டாட்டி ரெண்டாந்தடவ கூம்பு மேல தேதிய எழுதி ஒட்டிட்டா, தையல் பிரிக்கற தேதி, எங்களுக்கு அது கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்னு.

கருப்பிக்கு இப்ப அடிவயித்துல ஒரு வெள்ளக் கோடுதான் இருக்கு, முடி மொளச்சு அதுவும் மறைஞ்சுக்கிட்டு வருது. அந்தக் கூம்ப கழுவிக் காய வச்சு பரண்ல போட்டு வச்சிருக்கேன், ட்யூப் மாட்டுனபடியே இருக்கு. கழுத்து பதினாறு இஞ்ச்சுல இருந்து பத்தொம்பது வரைக்கும் பட்டன் இருக்கு, உள் நீளம் பன்னெண்டு இஞ்ச். பிரௌனிக்கு டேப்ப வச்சுப் பாத்து நம்பர இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பு, சேந்துச்சுன்னா திங்கக்கெழம காலைல திருச்சி பஸ்ஸுல நானே எடுத்துக்கிட்டு வந்துர்றேன், சேரலன்னா உடனே வேற வாங்க உனக்கு நேரம் இருக்கும்.

உன்
மதுரக்காரன்