வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கொடுங்கள், அப்புறம் தலையை எண்ணுங்கள்

ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கும் தமிழகக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருவுக்கு மாணவர் சேர்க்கைப் பேரணி வந்தது. தலைமை ஆசிரியை வாசலில் நின்று துண்டறிக்கையைக் கொடுத்து, "பாப்பாவை நம்ம பள்ளியிலயே சேர்த்துடுங்கம்மா" என்றார். காலை உணவு, சீருடை, பாடநூல், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு என்று எல்லாம் அதில் இருந்தது. ஆசிரியர் எத்தனை பேர் என்பது மட்டும் இல்லை. கேட்டேன். "ரெண்டு பேர்தாம்மா, என்னையும் சேர்த்து" என்றார்.

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். உங்களுக்கு இது புதிதல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 30 பேருக்கு ஒருவர், கணக்கு சரிதான். அந்த 30 பேரும் ஒரே வகுப்பில் படித்தால்!

சேர்க்கும் எண்ணத்தோடுதான் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அப்படித்தான் உட்காரவைப்பார்கள் என்று தெரியும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றைக்கு இன்னோர் ஆசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். தலைமை ஆசிரியை மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதி முடித்த சிலேட்டை நீட்டியபடி அவர் பக்கத்தில் போய் நின்றான். அவர் அதைக் கையில் வாங்கும் நேரத்தில் போன். எமிஸ் என்கிற உங்கள் துறையின் இணையப் பதிவுத் தளத்தில் ஏதோ பதிவு ஏறவில்லையாம். பேசிக்கொண்டே பக்கத்து அறைச் சத்தத்தை அடக்கப் போனார். அங்கே நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் திரும்பி வருவதற்குள் பையன் சிலேட்டை மடியில் வைத்து, எச்சில் தொட்டு அழித்துவிட்டான். அவன் எழுதியது சரியா தப்பா என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆசிரியைமீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முறைப்படி படித்து, தேர்ச்சி பெற்று வந்தவர். பிள்ளைகளிடம் அவ்வளவு பிரியமாகப் பேசுகிறார். நான் பார்த்துவிட்டு வந்த தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறவருக்கு இந்தப் பயிற்சி கிடையாது, சம்பளமும் சொல்லும்படி இல்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்புக்கு என்று அங்கே ஒருவர் நாள் முழுக்க இருக்கிறார். இதற்காகத்தான் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களை ஆங்கில மோகம் பிடித்தவர்கள் என்று மேடைக்கு மேடை பேசுவது சுலபம். ஆங்கில வழிப் பிரிவு அரசுப் பள்ளிகளிலும்தான் இருக்கிறதே! எங்களுக்கு வேண்டியது வகுப்புக்கு ஓர் ஆசிரியர்.

ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் பிள்ளைகளை எண்ணித்தான் பணியிடம் நிர்ணயிக்கிறீர்கள். எண்ணிக்கை குறைந்தால் இருக்கிற ஆசிரியரும் உபரி. பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஆசிரியர் போனால், இன்னும் நாலு பேர் பிள்ளையைத் தனியாருக்கு மாற்றுவார்கள். அடுத்த ஆகஸ்டில் அந்த எண்ணிக்கையைக் காட்டி, மக்களுக்கே அரசுப் பள்ளியில் விருப்பமில்லை என்பீர்கள். நல்ல கணக்கு!

இதே சட்டத்தின்படிதான் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளைச் சேர்த்து, கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2025இல் மத்திய, மாநில அரசுகளின் நிதி இழுபறியில் அந்தச் சேர்க்கையும் அக்டோபர் வரை நின்றது. அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லை என்று தனியாருக்குப் போனால், அந்தக் கதவும் பாதி வருடம் சாத்திக் கிடந்தது. அப்புறம் திறன்மிகு வகுப்பறை என்று சுவரில் திரை மாட்டுகிறார்கள். சந்தோஷம். சிலேட்டை நீட்டினால் அந்தத் திரை திருத்திக் கொடுக்குமா?

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பிள்ளைகள் வந்தால் தருகிறோம் என்று சொல்லாமல், முதலில் ஆசிரியரைக் கொடுங்கள். இரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியைப் பணி நிரவல் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள். அதன் பிறகு தாராளமாகத் தலையை எண்ணுங்கள். அப்போதும் பிள்ளைகள் சேரவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். ஐந்து பேரையும் ஒரேயடியாகத் தர முடியாது என்றால், இந்த ஆண்டே மூன்றாவதாக ஒருவரையாவது அனுப்புங்கள். பதிவேற்ற வேலைகளை ஆசிரியர் கையிலிருந்து எடுத்து, சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் ஆளிடம் கொடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதையே தீர்மானமாகப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அது உங்கள் மேசைக்கு வந்தால், ஆகஸ்ட் கணக்கெடுப்புக்கு முன்பே ஒரு முடிவு சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தனியார் பள்ளியில் இன்னும் பணம் கட்டவில்லை.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய பிள்ளையின் தாய்