நெஞ்சைப் பிளந்தால் இலவசம், பிளக்காமல் இருக்கக் காசா?

மருத்துவக் கருவிகளுக்கு உதவித்தொகை ஒதுக்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டக் கணக்கர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் எழுதிப் பழகிய கை என்பதால், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து மக்களின் விண்ணப்பப் பாரங்களை இன்றும் நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். இருதய ஓட்டையை அடைக்கும் கருவிக்கு உதவி கேட்டு உங்களிடம் வந்திருக்கும் ஒன்பது வயதுச் சிறுமியின் விண்ணப்பமும் என் கையெழுத்துதான். கோப்பு உங்கள் மேசையில் இருப்பதால் பழைய கதையை விரிக்கவில்லை. சென்ற மாதம் நடந்தது மட்டும் அதில் இருக்காது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனை கொடுத்த தேதிக்குத் தாயும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. விடிந்ததும் இரட்டைச் சடை பின்னி, பச்சை அங்கி மாட்டி, புறங்கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரியும் போட்டாயிற்று. பத்து மணிக்குத் தாதி வந்து, உங்கள் ஒப்புதல் கடிதம் வரவில்லை, அதனால் கருவி வரவழைக்கப்படவில்லை என்றார். குத்திய ஊசியை அவரே பிடுங்கினார். பிள்ளை அழவில்லையாம், பசிக்கிறது என்று மட்டும் சொன்னாளாம். வீடு திரும்புமுன் இன்னொருவர், அவரும் நல்ல எண்ணத்தில்தான், தாயிடம் ஒரு யோசனை சொன்னார்: “கருவிக்குக் காத்திருக்க முடியாவிட்டால் திறந்த அறுவைக்குப் பெயர் கொடுங்கள் அம்மா. அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை.”

அந்தத் தாய் என் வீட்டு வாசலில் நின்று, “ஐயா, எதற்குக் கையெழுத்துப் போடட்டும்?” என்று கேட்டார். நான் மருத்துவன் இல்லை. ஆனாலும் குழந்தை இருதய மருத்துவர் படம் வரைந்து விளக்கியபோது நானும் உடன் இருந்தேன். பிள்ளைக்கு இருதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. தொடையிடுக்கு இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்தி, அதற்குள் மடங்கிக் கிடக்கும், நிட்டினால் என்னும் உலோகக் கலவையால் ஆன கம்பி வலையை ஓட்டையின் இரு பக்கமும் இரண்டு தட்டுகளாக விரித்துவிடுவார்கள். சில மாதங்களில் அதன்மேல் சதை படர்ந்துவிடும். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். திறந்த அறுவை என்றால் நெஞ்செலும்பை ரம்பத்தால் பிளக்க வேண்டும். இருதயத்தை நிறுத்தி, இரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. எலும்பு கூடவே ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும்.

கருவி பற்றிக்கொள்ள விளிம்பு போதாத ஓட்டைக்கும், இடம் தவறிய ஓட்டைக்கும் அறுவைதான் வழி என்பதை அறிவேன். அப்படி மருத்துவர் சொல்லியிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளையின் ஓட்டை கருவிக்குத் தோதானது என்று அவர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஆக, அவள் நெஞ்சில் கத்தி வைக்கச் சொல்வது மருத்துவம் இல்லை, உங்கள் தாமதம்.

கணக்கு எழுதியவன் கேட்கிறேன், இதில் யாருக்கு மிச்சம்? கருவி பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), உண்மைதான். அறுவை என்றால் இரத்தம், இயந்திரம், மயக்க மருந்து, தீவிர சிகிச்சைக் கட்டில் எல்லாம் அரசாங்கப் பணம். மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளிதானே என்று குடும்பமும் ஏமாந்துவிடும். உதிரிப் பழம் பொறுக்கும் தாய் பிள்ளையோடு இருக்கும் வாரங்களுக்குக் கூலி கிடையாது. அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பெண்பிள்ளை மார்பில் கழுத்தடி தொடங்கி இறங்கும் தழும்பைப் பற்றி நாளைக்கு எத்தனை வாய் பேசும் என்பதை நம் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாமதத்துக்குக் காரணம் ஆவணக் குறையாம். தகப்பனின் சம்பளச் சீட்டு இல்லையாம். அவர் குத்தகைக்காரரிடம் குலை வெட்டுகிறார். கையில் காசு வரும், சீட்டு வராது. மின்கட்டண ரசீது அவர் பெயரில் இல்லையாம். லயத்து வீட்டுக்கு ரசீது தோட்ட நிர்வாகத்தின் பெயரில்தான் வரும் ஐயா, வீடே நிர்வாகத்தினுடையதுதானே! ஏழை என்று நிரூபிக்க உங்களுக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் ஓரளவு வசதி உள்ளவனிடம்தான் இருக்கின்றன. ஓட்டைக்குச் சான்று போதும், வறுமைக்குத்தான் போதவில்லை.

இந்த மலேசிய நாட்டுக்குத் திறமை இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவேன். 1992-இல் தேசிய இருதயக் கழகத்தைத் தொடங்கிய நாடு இது. நீலம் பாரிக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாயில் அதைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைக்கும் முறையில், குழந்தை இருதய மருத்துவர் டாக்டர் மஸேனி அல்வியும் அவர் குழுவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வை உலகமே எடுத்துப் படித்தது. உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊரில் ஒரு கடிதம் மேசை விட்டு மேசை நகர மாட்டேன் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்திலாவது ஆஸ்பத்திரி என்று ஒரு கொட்டகையும், கோபக்காரராக இருந்தாலும் கூப்பிட்டால் வருகிற டிரஸர் என்னும் மருத்துவ உதவியாளரும் இருந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் துண்டானது, டிரஸரும் போனார். இப்போது கோவில் திருவிழாவுக்கு வருகிற அரசியல்வாதிகள் மாலை வாங்கிக்கொண்டு, மாதிரிக் காசோலையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த அட்டைக் காசோலையை எந்த வங்கியும் மாற்றித் தராது.

மன்னிக்கவும், வந்த வேலையை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான்: குழாய்வழி சிகிச்சைக்குத் தேதி குறித்த பிள்ளைக்கு, சேர்க்கை நாளுக்கு முன்பே உங்கள் ஒப்புதல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதத்தையோ, மருத்துவமனைச் சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் குறிப்பையோ ஏற்றுக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாமதமானால், முதலில் கருவியை வரவழைத்துப் பிள்ளையைக் கவனிக்கட்டும், காகிதம் பின்னால் வரட்டும். இது பெரிய சலுகை இல்லை என்று நினைக்கிறேன்.

உலகில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இருதயக் குறையோடு பிறக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் குழந்தைகள் பிறக்கும் நம் நாட்டில் இந்தப் பிள்ளை கடைசி ஆள் இல்லை. எல்லாருக்கும் கருவி தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களைப் பட்டினி போட்டு, ஊசி குத்தித் திருப்பி அனுப்பாதீர்கள்.

தாய் திறந்த அறுவைப் பாரத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பொறுத்திருக்கச் சொல்லி நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். சேர்க்கை நாளுக்கு முன் ஒப்புதல் வரும் என்று ஒரு வரி எழுதிப் பதில் அனுப்பினால், அதை அவரிடம் படித்துக் காட்டுகிறேன். தயவுசெய்து இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்