எங்கள் பிள்ளைகளின் பெயரால் ஒரு கல்லூரியை வெளியே அனுப்பினீர்கள்: எம்.ஐ.ஏ.சி. தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பான மினசோட்டா இன்டர்காலேஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸில் (எம்.ஐ.ஏ.சி.) உள்ள கல்லூரிகளின் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் தோற்கிற அணியின் அப்பா. என் மகன் உங்கள் கல்லூரிகளில் ஒன்றில் நான்கு வருடம் ஃபுட்பால் ஆடினான், நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால். அஃபென்சிவ் லைன், அதாவது பந்தைத் தொடாமலே முன்வரிசையில் நின்று எதிராளியை முட்டித் தடுக்கிற வேலை. அந்த நான்கு வருடத்தில் அவனுடைய அணி ஜெயித்த ஆட்டங்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். 2019 மே மாதம் நீங்கள் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தைக் கூட்டமைப்பிலிருந்து நீக்கினீர்கள். யாரைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்தீர்களோ அந்தப் பிள்ளைகளில் ஒருவனுடைய அப்பா என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று கேட்கலாம். நாடு முழுக்கக் கான்ஃபரன்ஸ்கள் உடைந்தும் ஒட்டியும் மாறிக்கொண்டே இருக்கின்றன, உங்கள் மேசைக்கும் மறுபடி இதே பேச்சு வரும், அப்போது இதை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். தமிழில் எழுதுவது, பிள்ளைகளை இந்தச் சின்னக் கல்லூரிகளுக்கு அனுப்பியிருக்கும் நம் வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று. ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

அவர்களுக்காக ஒரு விளக்கம். டிவி-யில் ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிற ஃபுட்பால் இல்லை இது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 1973-ல் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. ஆடுகிறவன் மற்றவர்களைப் போலவே ஃபீஸ் கட்டி, வேதியியல் லேப் முடித்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு ஓடுகிறவன். சீசனுக்குப் பத்து ஆட்டம். பஸ்ஸில் போய், ஆடி, அன்று ராத்திரியே ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடலாம். நம் ஊரில் பக்கத்துக் கல்லூரியோடு மேட்ச் ஆடப் போவது போலத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீக்கியதற்கு நீங்கள் சொன்ன முதன்மையான காரணம் போட்டியில் சமநிலை இல்லை என்பது. உண்மைதான், இல்லை. 2017-ல் செயின்ட் தாமஸ் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97–0 என்று அடித்தது. தொண்ணூற்றேழு. அந்த ஸ்கோரைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில் கேலரியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆறாயிரத்துக்கும் மேல் இளங்கலை மாணவர்கள் இருக்கிற ஒரு பல்கலைக்கழகமும், அதில் பாதிகூட இல்லாத கல்லூரிகளும் ஒரே தட்டில் இருப்பது சிரமம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான்காவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், மாற்று ஆள் இல்லாமல் களைத்துப்போன பையனை மறுபடி மறுபடி உள்ளே அனுப்பினால் முட்டி போகும், தோள் போகும். அந்தக் கவலையோடு வாக்கெடுப்பு மேசைக்கு வந்த தலைவர் யாராவது இருந்தால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் 2007-ல் இதே செயின்ட் தாமஸின் கணக்கு என்ன? இரண்டு வெற்றி, எட்டு தோல்வி. அடுத்த வருடம் க்ளென் கரூசோ என்ற பயிற்சியாளர் வந்தார். எங்கிருந்து வந்தார்? ஒரு மைல் தள்ளி இருக்கிற மெக்காலெஸ்டரிலிருந்து, உங்கள் கூட்டமைப்பிலேயே தோல்விக்குப் பேர் போன கல்லூரியிலிருந்து. 2012-லும் 2015-லும் செயின்ட் தாமஸ் அணி தேசிய இறுதி ஆட்டம் வரை போய் மவுண்ட் யூனியன் என்ற கல்லூரியிடம் தோற்றது. அடிமட்டத்தில் கிடந்த ஒரு அணி எட்டே வருடத்தில் இரண்டு முறை இறுதி ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. அதே ஊர், அதே கட்டடங்கள், உதவித்தொகை தரக்கூடாது என்ற அதே விதி. அப்படியென்றால் பலம் என்பது ஒரு கல்லூரியின் நெற்றியில் எழுதி வைத்தது இல்லை, வரும், போகும். பத்து வருடம் நன்றாக ஆடியதற்காக நூறு வருட உறவை முறிப்பீர்களா? 1920-ல் இந்தக் கூட்டமைப்பைத் தொடங்கிய ஏழு கல்லூரிகளில் செயின்ட் தாமஸும் ஒன்று. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவனையே வாசலுக்கு வெளியே நிறுத்தியது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

என் மகன் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவன் இரண்டாம் வருடத்தில், அக்டோபர் கடைசியில், அறுபது புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்ற ஓர் ஆட்டம். எதிரணி எது என்பதை விட்டுவிடுகிறேன். என் மனைவி இரண்டு போர்வை கொண்டு வந்திருந்தாள், மூன்றாவது குவார்ட்டரில் ஒன்றைப் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவுக்குக் கொடுத்தாள், யாரும் அதிகம் பேசவில்லை. ஆட்டம் முடிந்து காரில் ஏறியவன், பின் சீட்டில் உட்கார்ந்து மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனே சொன்னான்: “அப்பா, எனக்கு எதிர்ல நின்னவன் இடது காலைக் கொஞ்சம் பின்னால வெச்சா வெளிப்பக்கம் வருவான், ரெண்டு காலும் சமமா இருந்தா உள்ள பாய்வான். மூணாவது குவார்ட்டர்லதான் கண்டுபிடிச்சேன். அதுக்கப்புறம் என்னைத் தாண்டி அவன் போகல.” டேப்பைச் சுருட்டிக் கதவு இடுக்கில் வைத்தான். ஸ்கோர் என்ன என்று அவன் சொல்லவே இல்லை. தன்னைவிடப் பலசாலி ஒருவனின் காலைப் பார்த்துப் பார்த்து அவன் கற்றதை, தனக்குச் சமமானவனிடம் கற்றிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கற்றிருக்கலாம். ஆனால் அந்த நாளை அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஸ்கோர் போர்டில் பிரச்சினை என்றால் ஸ்கோர் போர்டைச் சரி செய்ய வழி இருந்தது. இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களும் நடுவரும் ஒத்துக்கொண்டால் மீதி இருக்கிற குவார்ட்டர்களின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் அட்டவணை. அன்றைக்கு ஃபுட்பால் ஆடிய உறுப்பினர்கள் ஒன்பது பேர், ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேரோடும் கட்டாயம் ஆட வேண்டும், மிச்சம் இருப்பது வெறும் இரண்டு ஆட்டம். பலவீனமான ஓர் அணி தனக்கு ஏற்ற எதிரியைத் தேடிக்கொள்ள அதில் இடம் எங்கே இருக்கிறது?

இதில் என்னை அதிகம் வருத்துவது என்ன தெரியுமா? செயின்ட் தாமஸ் போன கையோடு, 2021-ல், நீங்கள் ஃபுட்பாலை இரண்டு பிரிவாகப் பிரித்தீர்கள். நார்த்வுட்ஸ் ஒன்று, ஸ்கைலைன் ஒன்று. கடைசி வாரத்தில் இந்தப் பிரிவின் முதலாம் அணி அந்தப் பிரிவின் முதலாம் அணியோடு, கீழே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களோடு. அருமையான ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். ஆறேழு ஆட்டம் தோற்ற பையன்களுக்கும் நவம்பரில் ஜெயிக்கக்கூடிய ஒரு சனிக்கிழமை கிடைத்தது. இதையே 2018-ல் செய்திருக்கலாமே? உங்களிடம் மருந்து இருந்தது, நீங்கள் கையையே வெட்டிவிட்டு அப்புறம் மருந்தை எடுத்தீர்கள்.

வெட்டியதில் ஃபுட்பால் மட்டும் போகவில்லை. நீச்சல், ஓட்டம், வாலிபால், பெண்கள் கூடைப்பந்து எல்லாம் சேர்ந்து போனது. 97–0-க்கும் ஒரு நீச்சல்காரிக்கும் என்ன சம்பந்தம்? செயின்ட் தாமஸ் என்.சி.ஏ.ஏ.-விடம் சிறப்பு அனுமதி வாங்கி மூன்றாம் டிவிஷனிலிருந்து நேராக முதலாம் டிவிஷனுக்குப் போனது, இந்தக் காலத்தில் வேறு யாரும் அப்படிப் போனதில்லை. போன இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறார்கள். 2022-ல் அங்கே சேர்ந்த பயனியர் ஃபுட்பால் லீக்கை ஜெயித்தார்கள், ஏழரைக் கோடி டாலர் நன்கொடை வந்தது, புது அரங்கம் திறந்தாயிற்று. அவர்களுக்காக நான் அழவில்லை. இங்கே மிஞ்சியவர்களுக்காகப் பேசுகிறேன். பஸ்ஸில் போய் ஆடிய அணி இப்போது லீக் ஆட்டத்துக்கு சான் டியாகோவுக்குப் பறக்கிறது. உங்கள் கூட்டமைப்பிலேயே இருக்கும் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கும் செயின்ட் தாமஸுக்கும் 1901-லிருந்து இருந்த பகை, அந்த நல்ல பகை, நின்றுபோனது. 2017-ல் மினியாபொலிஸில் பேஸ்பால் மைதானமான டார்கெட் ஃபீல்டில் அந்த ஆட்டத்தைப் பார்க்க 37,355 பேர் வந்தார்கள், மூன்றாம் டிவிஷனில் அதுவரை இல்லாத கூட்டம். நானும் போயிருந்தேன். இரண்டு கல்லூரிக்கும் சம்பந்தமே இல்லாத தாத்தாக்கள் சிவப்புத் தொப்பியும் ஊதாத் தொப்பியும் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தை எந்த விளம்பரம் கொடுத்தாலும் வாங்க முடியாது, நீங்கள் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டீர்கள்.

செயின்ட் ஜான்ஸ் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. நான்கு தேசியப் பட்டம் வாங்கிய கல்லூரி அது. ஜான் கலியார்டி 1953-லிருந்து 2012 வரை அங்கே பயிற்சியாளராக இருந்து, முந்தைய கல்லூரியில் கண்டதையும் சேர்த்து, கல்லூரி ஃபுட்பாலிலேயே அதிகமாக 489 வெற்றி கண்டு ஓய்வு பெற்றார். பயிற்சியில் ஒருவரையொருவர் மோதித் தள்ளக் கூடாது, தன்னை ‘கோச்’ என்று கூப்பிடக் கூடாது, ‘ஜான்’ என்றே கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தவர். அவர் அணியிடம் இந்த மாநிலம் முழுக்க அறுபது வருடம் அடி வாங்கியிருக்கிறது. அவர்களை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றாதது நல்லது. ஆனால் 2019-ல் நீங்கள் வைத்த அளவுகோல் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது. நாளைக்கு யாரை அளப்பீர்கள்?

மெக்காலெஸ்டர் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1974-லிருந்து 1980 வரை தொடர்ந்து ஐம்பது தோல்வி. பிறகு 2000-களின் தொடக்கத்தில் ஃபுட்பாலில் மட்டும் உங்களிடமிருந்து விலகித் தனியாக ஆடினார்கள், மற்ற விளையாட்டுகளில் உங்களோடுதான் இருந்தார்கள். அப்புறம் மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்து 2014-ல், சேர்ந்த முதல் வருடமே, பட்டம் வாங்கினார்கள். 2021-ல் ஃபுட்பாலிலும் உங்களிடம் திரும்பி வந்தார்கள். கதவைச் சாத்தாமல் விட்டீர்கள், அவர்கள் தேறி வந்தார்கள். ஒரு விளையாட்டை மட்டும் பிரித்து வைத்து மற்றதில் சேர்ந்திருக்கலாம் என்பதை உங்கள் கூட்டமைப்பே இருபது வருடம் நடத்திக் காட்டியிருக்கிறது. செயின்ட் தாமஸுக்கு மட்டும் அந்த வழி ஏன் இல்லாமல் போனது?

பெரிய கல்லூரிகள் செய்ததைப் பார்த்தோம். பசிஃபிக் கரையில் இருந்த பாக்-12 என்ற கூட்டமைப்பு, 2024-ல் ஒரே கோடையில் பத்துக் கல்லூரிகளை இழந்தது, ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் தனியாக நின்றன. கலிஃபோர்னியாவில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டு, அட்லான்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. அங்கே டிவி பணம் இழுக்கிறது, கோடிக் கணக்கு, புரிகிறது. உங்களை எந்த டிவி இழுத்தது? பணத்துக்காக உறவை முறிக்க வேண்டிய நெருக்கடி இல்லாத இடம் என்று நம்பித்தான் நான் என் மகனை இங்கே சேர்த்தேன்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஓர் உறுப்பினரை நீக்கும் முன், குறைந்தது இரண்டு சீசனாவது அட்டவணையை மாற்றிப் பார்த்தாக வேண்டும் என்று உங்கள் விதிகளில் எழுதுங்கள். பிரச்சினை ஒரு விளையாட்டில் என்றால் அந்த ஒரு விளையாட்டோடு நிறுத்துங்கள். ஆட்டம் கை மீறும்போது நேரத்தைக் குறைப்பது பற்றி எல்லாப் பயிற்சியாளர்களும் சீசனுக்கு முன்பே பேசி ஒத்துக்கொள்ளட்டும், எழுபது புள்ளி வந்த பிறகு நின்று பேசுவது கஷ்டம். முடிவெடுக்கும் கூட்டத்துக்கு ஆடுகிற பிள்ளைகளில் சிலரைக் கூப்பிடுங்கள், அதிகம் தோற்ற அணியிலிருந்து கட்டாயம் ஒருவர். தோற்கிறவன் என்ன கேட்கிறான் என்று அவனிடமே கேளுங்கள்.

என் மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான். இலையுதிர் காலத்தில் சனிக்கிழமை மத்தியானம் நான் இன்னும் மெக்காலெஸ்டர் பக்கமிருந்து செயின்ட் தாமஸ் வரை நடப்பதுண்டு, சம்மிட் அவென்யூ வழியாக, இருபது நிமிடம் ஆகும். சில நாள் இரண்டு மைதானத்திலும் ஆட்டம் நடக்கும், இரண்டு பக்கமும் அறிவிப்பாளர் குரல் கேட்கும். ஒரு மைல் இடைவெளியில் இருக்கிற அந்த இரண்டு அணியும் இனி என்றைக்கு ஒரே மைதானத்தில் நிற்கும் என்று உங்களில் யாராவது எனக்குப் பதில் எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
செயின்ட் பாலிலிருந்து ஓர் அப்பா